யூடிசியில் சேமித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது

மார்ச் கடைசி ஞாயிறு கழிந்த மறுநாள் காலை. திங்கள்தோறும் 10 மணிக்கு நடக்கும் மீட்டிங், பெர்லினில் இருப்பவர்களின் காலண்டரில் 11 மணி என்று காட்டுகிறது. பாதிப் பேர் பழக்கத்தில் 10 மணிக்கே வந்து காத்திருக்கிறார்கள், மீதிப் பேர் திரையை நம்பி 11 மணிக்கு வருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் இதே வாரத்தில் இதே புகார். நிரலைத் திறந்து பார்த்தால் காரணமும் அதேதான்: நிகழ்வின் நேரம், உலகப் பொது நேரமான யூடிசியில் மட்டும் சேமிக்கப்பட்டிருக்கும். கேட்டால், "யூடிசியில் வைப்பதுதானே சரியான முறை?" என்று பதில் வரும்.

இல்லை. காலண்டர் மென்பொருளில் அது தவறான முறை.

நடந்து முடிந்தவற்றுக்கு யூடிசி பொருந்தும். பணம் எந்த நொடியில் வந்து சேர்ந்தது, சர்வர் எப்போது நின்றது என்பவை இனி மாறப்போவதில்லை. நடக்கவிருக்கும் சந்திப்பு அப்படி இல்லை. "திங்கள் காலை 10 மணி" என்று சொல்பவர் தன் ஊர்ச் சுவர்க் கடிகாரத்தை மனதில் வைத்துச் சொல்கிறார். அந்தக் கடிகாரத்துக்கும் யூடிசிக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை அந்த நாட்டு அரசு தீர்மானிக்கிறது. நாமோ இன்றைய இடைவெளியை வைத்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் சொன்ன 10 மணியைத் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். 2026 மார்ச் 23, திங்கள், பெர்லினில் 10 மணி என்றால் யூடிசியில் 9 மணி. மார்ச் 29 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் கோடைநேரம் தொடங்குகிறது. மார்ச் 30 அன்று அதே 10 மணி யூடிசியில் 8 மணி. நீங்கள் 9 என்று எழுதி வைத்து, அதிலிருந்து ஏழு ஏழு நாளாகக் கூட்டிக்கொண்டு போனால் திரையில் 11 மணிதான் வரும்.

"தொடர் நிகழ்வுக்குத்தான் இந்தத் தொல்லை, ஒருமுறை மட்டும் நடப்பதற்கு யூடிசி போதுமே" என்பது அடுத்த வாதம். அதுவும் நிற்காது. 2022 அக்டோபர் இறுதியில் மெக்சிகோ, நாட்டின் பெரும்பகுதியில் கோடைநேரத்தை ஒழித்தது. அதற்கு முன்பே ஒருவர் 2023 ஜூன் மாதத்துக்கு, மெக்சிகோ சிட்டியில் காலை 10 மணி என்று ஒரு நிகழ்வைப் பதிந்திருந்தால், அன்றைய கணக்குப்படி அது 15:00 யூடிசி. சட்டம் மாறிய பிறகு அதே 15:00 அங்கே காலை 9 மணி. பயனர் எதையும் தொடவில்லை, சந்திப்பு மட்டும் ஒரு மணி நேரம் நகர்ந்துவிட்டது. 2018-இல் மொராக்கோ கடிகாரத்தைத் திருப்ப வேண்டிய நாளுக்குச் சற்று முன்புதான் கோடைநேரத்தையே நிரந்தரமாக்கியது. 2023 மார்ச்சில் லெபனான் கோடைநேரத் தொடக்கத்தைக் கடைசி நேரத்தில் தள்ளிவைத்து, சில நாட்களிலேயே அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. நேர மண்டலத்தை மாற்றிக்கொண்டதால் சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே கிடையாது. இவை எப்போதோ ஒருமுறை நடக்கும் அதிசயங்கள் அல்ல. இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐயானா அமைப்பின் நேர மண்டலத் தரவுத்தளம் ஆண்டுக்குப் பலமுறை புதுப்பிக்கப்படுவது இதனால்தான்.

ஆகவே சேமிக்க வேண்டியவை மூன்று: பயனர் சொன்ன உள்ளூர் நாளும் நேரமும், "யூரோப்/பெர்லின்" போன்ற மண்டலப் பெயர், அவற்றிலிருந்து கணக்கிட்ட யூடிசி நேரம். முதல் இரண்டும்தான் உண்மை. மூன்றாவது, தேடலுக்கும் நினைவூட்டலுக்கும் வசதியாக வைத்துக்கொள்ளும் நகல். மண்டலத் தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இனிவரும் நிகழ்வுகளுக்கு அந்த நகலை மீண்டும் கணக்கிடுங்கள், ஏற்கனவே வரிசையில் போட்டுவைத்த நினைவூட்டல்களையும் சேர்த்து. சர்வரில் ஒரு பதிப்பு, கைபேசிச் செயலியில் வேறொரு பதிப்பு என்று தரவு இருந்தால் மின்னஞ்சல் ஒரு நேரத்தைச் சொல்லும், திரை இன்னொன்றைச் சொல்லும்.

மண்டலப் பெயருக்குப் பதிலாக "+01:00" என்று யூடிசியிலிருந்து உள்ள இடைவெளியை மட்டும் எழுதி வைக்காதீர்கள். குளிர்காலத்தில் பெர்லினும் +01:00, லாகோஸும் +01:00. லாகோஸில் கோடைநேரமே இல்லை. அந்த எண்ணைப் பார்த்து மார்ச்சுக்குப் பிறகு என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்த ஊர்க் கடிகாரம் என்பதைப் பயனர் தேர்ந்தெடுக்கட்டும், அழைப்பிலும் அது தெரியட்டும். 2026 மார்ச் 8 முதல் 29 வரை நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமான 5 மணி நேரம் 4 ஆகக் குறைகிறது. அந்த மூன்று வாரமும் யாராவது ஒருவர் நேரத்தை மாற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். நிரலால் இதைத் தீர்க்க முடியாது, முன்கூட்டியே சொல்ல முடியும்: "உங்களுக்கு இந்த மூன்று வாரமும் நேரம் மாறும்" என்ற ஒரு வரி போதும்.

முழுநாள் நிகழ்வுக்கு நேர மண்டலமே வேண்டாம், தேதி மட்டும் போதும். பிறந்தநாளை யூடிசி நள்ளிரவாக மாற்றி வைத்தால், மேற்கே இருப்பவருக்கு முந்தைய நாளில் தெரியும். இன்னொன்று, காலண்டர் செயலிகள் நிகழ்வுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் தரமான ஆர்எஃப்சி 5545-இல் முடிவுத் தேதி நிகழ்வில் சேராது. 14, 15, 16 என மூன்று நாள் விடுப்பு என்றால் டிடிஎண்ட் என்ற முடிவுத் தேதி 17. ஆனால் நிகழ்வு எப்போதெல்லாம் திரும்ப வரும் என்று சொல்லும் தொடர் விதியில், எதுவரை என்று குறிக்கும் அன்டில் தேதி தொடரில் சேரும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் விடுப்பு ஒரு நாள் குறைகிறது, தொடரில் ஒரு நாள் கூடுகிறது.

இனி அழைப்புக்கு வருவோம். அனுப்பிய அழைப்பு உங்கள் கையை விட்டுப் போய்விட்ட நகல். அது வேறொரு நிறுவனத்தின் சர்வரில், வேறொரு செயலியில் உட்கார்ந்திருக்கும். அதைப் பிறகு அடையாளம் காண யூஐடி என்ற தனி அடையாளக் குறி ஒன்றுதான் வழி. திருத்தும்போது பழையதை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்கினால் யூஐடி மாறிவிடும், பெறுபவரின் காலண்டரில் ஒரே சந்திப்பு இரண்டாக நிற்கும். யூஐடியை மாற்றாதீர்கள். நேரமோ தொடர் விதியோ மாறினால், எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் சீக்வென்ஸ் எண்ணை ஒன்று கூட்டுங்கள். எது புதியது என்று ஒப்பிடும்போது முதலில் சீக்வென்ஸ், அது சமமாக இருந்தால் டிடிஸ்டாம்ப், அதாவது அந்த நகல் உருவான நேரம்.

ஒருவர் 3 மணிச் சந்திப்புக்கு "வருகிறேன்" என்கிறார். அந்தப் பதில் வந்து சேர்வதற்குள் நீங்கள் 5 மணிக்கு மாற்றிவிட்டீர்கள். அந்தப் பதிலில் இருப்பது பழைய சீக்வென்ஸ். அதை 5 மணிக்கான ஒப்புதலாக எண்ணக் கூடாது. நேரம் மாறினால் எல்லோருடைய நிலையையும் "பதில் தேவை" என்று மாற்றுங்கள். பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கினால் அவருக்கு ரத்து அறிவிப்புப் போக வேண்டும். இதை மறந்துவிடும் மென்பொருள்கள் ஏராளம். நீக்கப்பட்டவர் பாவம், அந்த நேரத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

தொடர் நிகழ்வில் "இது மட்டும்", "இதுவும் இனி வருபவையும்", "எல்லாம்" என்று மூன்று தேர்வு கொடுக்கிறீர்கள். நடுவில் இருப்பதுதான் உடையும். அதற்கு நம்பகமான வழி தொடரை இரண்டாக வெட்டுவது: பழையதை அன்டில் போட்டு முடித்துவிட்டு, புதிய யூஐடியுடன் அடுத்ததைத் தொடங்குவது. 10 முறை என்று எண்ணிக்கை கொடுத்த தொடரை 4-ஆவது நிகழ்வில் வெட்டினால் பழையதில் 3, புதியதில் 7. புதியதிலும் 10 என்றே விட்டுவிட்டால் மொத்தம் 13 ஆகிவிடும். ஒரு நிகழ்வை மட்டும் நகர்த்தும்போது, தொடரில் அது எது என்று காட்டும் ரெக்கரன்ஸ்-ஐடியில் அதன் பழைய நேரம் இருக்க வேண்டும், நகர்த்திய புது நேரம் அல்ல. மாதந்தோறும் 31-ஆம் தேதி என்ற விதி ஆண்டுக்கு 7 முறைதான் வரும், மற்ற மாதங்களைத் தாண்டிப் போய்விடும். பயனர் கேட்டது "மாதக் கடைசி நாள்" என்றால் விதியில் -1 என்று எழுதுங்கள். எது வேண்டும் என்று அவரையே கேட்பது இன்னும் நல்லது.

தமிழில் தலைப்பு எழுதுபவர்களுக்கு ஒரு சொல். ஐகேலண்டர் கோப்பில் ஒரு வரி 75 பைட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மடித்து எழுத வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "மி" என்ற ஓர் எழுத்துக்கே 6. பைட் எண்ணி வெட்டும் நிரல் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடுகிறது. பெறும் நிரல் வரி வரியாக எழுத்தாக்கிப் படித்தால் சிதைந்த கட்டங்கள்தான் தெரியும். அனுப்பும்போது எழுத்தின் எல்லையில் மடியுங்கள். படிக்கும்போது முதலில் பைட்டுகளை ஒட்டுங்கள், பிறகு எழுத்தாக்குங்கள். ஆங்கிலத் தலைப்பை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

அறை முன்பதிவில், காலியா என்று பார்ப்பதும் பதிவதும் ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள், இடையில் வேறொரு பதிவு புகாதபடி நடக்கட்டும். 11 மணிக்கு முடிவதும் 11 மணிக்குத் தொடங்குவதும் மோதல் அல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் அழைப்பைத் தானாகவே காலண்டரில் ஏற்றாதீர்கள். மோசடி இணைப்புகளை அனுப்புபவர்களுக்கு அது திறந்த வாசல். மின்னஞ்சலைக் குப்பையில் போட்ட பிறகும் நிகழ்வு காலண்டரில் நிற்கும், குறித்த நேரத்தில் நினைவூட்டலும் அடிக்கும். அதை நம்பித் தட்டுபவர் வயதானவராக இருக்கலாம், உங்கள் மென்பொருளை நம்பியவராக இருக்கலாம். தொடர்புப் பட்டியலில் இல்லாதவரின் அழைப்பைத் தனியாக நிறுத்தி வைத்து, பயனர் ஏற்ற பிறகே காலண்டரில் காட்டுங்கள். "வரவில்லை" என்று பதில் அனுப்பினாலே அந்த முகவரி புழக்கத்தில் இருப்பது மோசடிக்காரருக்குத் தெரிந்துவிடும். அதனால் "பதில் அனுப்பாமல் நீக்கு" என்று தனிப் பொத்தான் வையுங்கள். அதை மெனுவுக்குள் புதைக்காமல், அழைப்பு தெரியும் அதே திரையில் வையுங்கள்.