நாற்பது வயதிலும் விளையாடுகிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை மெரினா மணலில் டென்னிஸ் பந்து வீச ஓடிவரும் நாற்பது வயதுக்காரரைப் பார்த்தால், "அவருக்கு அது ரத்தத்திலேயே ஊறினது" என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்று அளக்க ஆய்வாளர்கள் இரட்டையர்களிடம் போகிறார்கள்.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கும் ஒரு கரு இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுக்க ஒன்றே. தனித்தனிக் கருக்களிலிருந்து பிறக்கும் இரு கரு இரட்டையர் மற்ற அண்ணன் தம்பிகளைப் போலத்தான், சராசரியாகப் பாதி மரபணுக்களே ஒன்று. இரண்டு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில் வளர்கிறவர்கள். எனவே விளையாட்டுப் பழக்கத்தில் முதல் வகையினர் அதிகம் ஒத்துப்போனால், அந்தக் கூடுதல் ஒற்றுமையை மரபணுவின் கணக்கில் எழுதலாம். 2006இல் ஏழு நாடுகளின் 37,051 இரட்டையர் ஜோடிகளை இப்படி ஒப்பிட்டார்கள். எல்லோரும் 19 முதல் 40 வயதுக்குள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வதில் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் 48 முதல் 71 சதவீதம் மரபணு சார்ந்தது. நார்வே ஆண்களிடம் மட்டும் 27.

இந்த எண்ணைத் தப்பாகப் புரிந்துகொள்வது சுலபம். 60 சதவீதம் என்றால், ஒருவர் விளையாடுவதில் அறுபது பங்கை மரபணு கொடுத்தது என்று பொருள் இல்லை. ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்குள் ஒருவர் விளையாட, இன்னொருவர் விளையாடாமல் இருக்கும் வித்தியாசத்துக்கான கணக்கு அது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும்.

வயது மாறினாலும் மாறும். நெதர்லாந்தில் 13 முதல் 20 வயது வரையான இரட்டையர்களைப் பார்த்தபோது, 16 வயது வரை வித்தியாசத்தில் 80 சதவீதம் போலக் குடும்பச் சூழலுடையது. மரபணுவுக்கு அங்கே வேலையே இல்லை. 17, 18 வயதில் மரபணுவின் பங்கு 36 சதவீதம். அதற்கப்புறம் 85! காரணத்தை ஊகிக்கலாம். சின்ன வயதில் அப்பா சேர்த்துவிட்டதால், அக்கா போவதால் நாமும் போகிறோம். பெரியவரானபின் யாரும் அனுப்புவதில்லை. ஓடும்போது உடம்புக்கு சுகமாக இருக்கிறதா, பயிற்சி பலன் தருகிறதா என்பதே முடிவு செய்கிறது. இதில் பிறவி வித்தியாசம் உண்டு. ஒரே மாதிரியான 20 வாரப் பயிற்சியைப் பல குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்த வட அமெரிக்க ஆய்வில், சிலரின் மூச்சுத் திறன் நன்றாக ஏறியது, சிலருக்கு அசையவே இல்லை. அந்த ஏற்றமும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டது.

அப்படியானால் சிறுவயதில் விளையாடியது வீணா? இல்லவே இல்லை. பின்லாந்தில் 1980 முதல் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, இளமையில் ஆண்டுக்கணக்கில் விடாமல் விளையாடியவர்களே பெரியவர்களானபின்னும் அதிகம் இயங்கினார்கள். அதே மரபணுதான் இளமையிலும் பெரியவரானபின்னும் ஆட வைக்கிறது என்று ஒருவர் வாதிடலாம். ஓரளவு சரி. ஆனால் திறமையை மரபணு கையில் கொடுத்து அனுப்புவதில்லை. நம்ம தெரு கிரிக்கெட்டில் 'ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட்' விதி உண்டு: ஒரு தடவை தரையில் குத்தி எழும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலே அவுட். எட்டு வயதில் அதை ஆடியவனுக்குப் பந்து எந்த உயரத்துக்கு எழும் என்று கால் முன்கூட்டியே சொல்லிவிடும். அலுவலக நண்பர்கள் டர்ஃப் புக் செய்து கூப்பிட்டால் அவர் தயங்காமல் போவார். ஒருபோதும் பந்தைத் தொடாதவர் கூச்சத்தில் வேலை இருக்கிறது என்பார்.

சென்னையில் எனக்குப் பெரிய கவலை பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும்தான். மரபணு தலைகாட்டத் தொடங்கும் அதே வயதில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார், மாலை டியூஷனுக்குப் போய்விடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் முன்னாலேயே தடை. வயதுக்கு வந்ததும் தெருவில் ஆடாதே என்று உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம். ஓட்டத்தில் சந்தோஷம் காணும் உடல்வாகு அவளுக்கு இருந்தாலும் அது வெளிப்பட இடமில்லை. முப்பது வயதில் யாராவது கணக்கெடுக்க வந்தால், விளையாட்டில் நாட்டமில்லாதவர்கள் பக்கத்தில்தான் அவளை எழுதுவார்கள்.