செக் திரும்பியதைச் சொல்ல என்ன வெட்கம்?

வண்ணாரப்பேட்டையில் ஆடிட்டர் நான். ஒரே ஆள் கொடுத்த செக், என்னிடம் கணக்கு வைத்திருக்கும் மூன்று பேருக்கு இந்த ஆண்டு திரும்பியிருக்கிறது. மூவரும் ரெடிமேட் தைத்துக் கொடுப்பவர்கள், எம்.சி. ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரம். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) முதலாமவருக்குத் திரும்பியது தை மாதம். மூன்றாமவர் அதே ஆளுக்குச் சரக்கு அனுப்பியது பங்குனியில்.

எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒருவர் விஷயத்தை அவர் சம்மதமின்றி இன்னொருவரிடம் சொல்ல, 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் என்னை விடாது. நான் வாயை மூடியிருக்க வேண்டியவன். பணம் வராமல் நிற்கும் வியாபாரிகளே, நீங்கள் ஏன் மூடியிருக்கிறீர்கள்?

"வெளியே தெரிந்தால் மார்க்கெட்டில் பெயர் கெட்டுவிடும் சார்." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தெரியாமலா இருக்கிறது? மூட்டை தூக்குபவருக்குக் கூலியை இரண்டு நாள் தள்ளினீர்களே, அன்றே அவருக்குத் தெரியும். துணி கொடுக்கும் மொத்த வியாபாரி, நீங்கள் பாதிப் பணம் நீட்டிய அன்றே கணக்குப் போட்டுவிட்டார். தெரியாமல் இருப்பவர்கள் உங்களுக்கு உதவக்கூடிய நாலு பேர் மட்டும்தான். நீங்கள் மறைப்பதால் காப்பாற்றப்படுவது ஏமாற்றியவன் பெயர்.

மூன்றாமவர், செக் திரும்பியதாக வங்கி கொடுத்த சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். நான்காக மடித்து, மடிப்பில் எழுத்தே தேய்ந்திருந்தது. செக் திரும்பி ஐந்து மாதம். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாட்களுக்குள், பணம் கேட்டு செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். போகவில்லை. செக் திரும்பியதற்கான கிரிமினல் வழக்கு கைநழுவிவிட்டது, இனி சிவில் வழக்குதான்.

வியாபாரிகள் சங்கத்தில் இருக்கிறேன் என்பீர்கள். ஆண்டு விழா மேடையில் யாரும் வாராக்கடனைப் பற்றிப் பேசுவதில்லை. ஆறேழு பேர் போதும். மாதம் ஒரு மணி நேரம், அவரவர் பாக்கிப் பட்டியலோடு உட்காருங்கள். கைப்பேசியில் எழுதிப் பரப்பாதீர்கள். அவதூறு வழக்கு வரும். 'இவரிடம் எனக்கு இவ்வளவு பாக்கி' என்று நடந்ததை மட்டும் நேரில் சொல்லுங்கள். சேர்ந்து விலை நிர்ணயிக்கும் பேச்சு கூடவே கூடாது. 2002 போட்டிச் சட்டம் இருக்கிறது. குழுவுக்குள் சீட்டு, கைமாற்று வேண்டாம். தயவுசெய்து வேண்டாம், அப்படி உடைந்த கூட்டங்களின் கணக்கையும் நான்தான் எழுதியிருக்கிறேன்.

மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க எழுத்துமூலம் சம்மதம் கேட்டேன். இரண்டு கடிதம் வந்துவிட்டது. மூன்றாமவர், "யோசித்துச் சொல்கிறேன் சார்" என்கிறார்.