கேப்சா கேட்கிறது என்று கமாண்டை ஒட்டாதீர்கள்

சிஸ்டம் அட்மின் வேலையில் இருக்கும் எனக்கு மவுஸைவிட, கட்டளைகளை (கமாண்ட்) டைப் செய்து வேலை வாங்கும் கமாண்ட் லைன்தான் பழக்கம். நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே வரியில் பெயர் மாற்றிவிடலாம். யார் கேட்டாலும் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அது 'நிச்சயமாகவா?' என்று பெரும்பாலும் கேட்காது. விண்டோஸில் மவுஸால் அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். கமாண்டில் அழித்தால் போனது போனதுதான்.

இந்தக் கேள்வி கேட்காத குணத்தைத்தான் 2024 முதல் திருடர்கள் பெரிதாகப் பயன்படுத்துகிறார்கள். இந்த ஏமாற்றுக்கு கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர். ஏதோ ஒரு தளத்தில் நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா போல 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டம் வரும். அதைத் தொட்டதுமே உங்களுக்குத் தெரியாமல் ஒரு கமாண்ட், காப்பி செய்தவை தங்கும் கிளிப்போர்டில் ஏறிவிடும். அடுத்து, விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள், கண்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று வரிசையாகச் சொல்லும். அப்படித் திறக்கிற, கமாண்டை ஓட்டும் ரன் பெட்டி சின்னது. ஒட்டிய நீளமான கமாண்டின் கடைசித் துண்டு மட்டுமே தெரியும். அங்கே 'சரிபார்ப்பு எண்' மாதிரி எதையாவது எழுதி வைத்திருப்பார்கள். "கேப்சாதானே சார், அது சொன்னபடி செஞ்சேன்" என்றார் ஒரு அக்கவுண்டன்ட். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பார்க்க அவ்வளவு இயல்பாக இருக்கிறது.

ஓடுவது பெரும்பாலும் விண்டோஸின் சொந்த கமாண்ட் கருவியான பவர்ஷெல். ஓட்டுவது நீங்களே. அதனால் ஆன்டிவைரஸ் பல நேரம் கோட்டை விடுகிறது. பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும், நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் குக்கிகளும் திருடுபோய்விடும். குக்கி கிடைத்தால் ஓடிபி இல்லாமலே உங்கள் மெயிலுக்குள் நுழைய முடியும்.

உண்மையான கேப்சா எதுவும் ரன் பெட்டியையோ, கமாண்ட் டைப் செய்யும் டெர்மினலையோ திறக்கச் சொல்லாது. மேக்கிலும் இதே ஏமாற்று உண்டு. சந்தேகம் வந்தால் முதலில் நோட்பேடில் ஒட்டுங்கள். முழு வரியும் கண்ணில் படும்.

ஏற்கெனவே என்டர் தட்டிவிட்டீர்களா? உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து, முதலில் மெயில், அப்புறம் வங்கி என்று பாஸ்வேர்டை மாற்றி, எல்லா லாகினையும் வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள், தேவையில்லாத இடங்களில் ரன் பெட்டியை குரூப் பாலிசியில் முடக்கலாம். அதோடு விட்டுவிட வேண்டாம்: ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டச் சொல்லும் வகை 2025இல் வந்துவிட்டது. ஊழியர்களிடம் ஒருமுறை நேரில் செய்து காட்டுங்கள்.