நாட்டு மரம் சரி, எந்த ஊர் நாட்டு மரம்?

மரக்கன்று கேட்டு வருபவர்களில் பலர் இப்போதெல்லாம் "நாட்டு மரமா கொடுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் இந்தப் பேச்சே அபூர்வம். சந்தோஷம்தான். ஆனால் உங்கள் நிலம் எங்கே, என்ன மண் என்று நான் திருப்பிக் கேட்டால் கொஞ்சம் முழிக்கிறார்கள்.

நானே ஒருமுறை இதைக் கேட்காமல் விட்டதுண்டு. தாராபுரம் பக்கம், சரளை கலந்த செம்மண் பூமி. நிழல் வேண்டும் என்றார் நிலத்துக்காரர். நீர்மருதுக் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டேன், நாட்டு மரம்தானே என்று. பேரிலேயே நீர் இருக்கிறது, அது ஆற்றங்கரை மரம் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. சித்திரை வெயிலில் ஒவ்வொன்றாகக் கருகின. அதே நிலத்தில் ஆட்டுப்பட்டி போட்டிருந்த மூலையில், யாரும் நடாத வெள்வேலங் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. ஆடு தின்ற காயின் விதை, புழுக்கையோடு விழுந்து முளைத்தவை!

அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. காங்கேயம், மூலனூர் வட்டாரத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலம் முழுக்க இப்படித்தான்: சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல். அதன் இலை சின்னது, நிழல் அடர்த்தியில்லாதது, அதனால் அடியில் புல் சாகாது. பயறு வகைக் குடும்பம், ஆகவே வேர் முடிச்சுகள் வழியே மண்ணில் தழைச்சத்து சேரும். புல் காய்ந்துபோகும் கோடையில் காய் உதிரும், செம்மறிகள் அதைத் தின்று காலத்தை ஓட்டும். மரமும் பயிரும் கால்நடையும் ஒரே நிலத்தில் இருக்கும் வேளாண் காடு என்று கருத்தரங்குகளில் நாங்கள் படம் போட்டு விளக்குவது அங்கே தலைமுறைகளாக மேய்ச்சல் நிலமாக இருக்கிறது.

நஞ்சை வேறு கணக்கு. வாய்க்கால் கரையில் புங்கனும் பூவரசும் நிற்கலாம். நடவுக்கு முன் புங்கந் தழையைக் கழித்து சேற்றில் மிதித்துவிட்டால் நல்ல தழையுரம். ஆனால் நிழல் கட்டும் என்ற விவசாயியின் பயமும் நியாயமானது. வருடா வருடம் கவாத்து செய்ய ஆள் இல்லையென்றால் நெல் வரப்பில் மரமே வேண்டாம் என்பேன்.

அப்புறம், கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பையிலேயே ஆளுயரம் வளர்ந்த கன்று ஒன்றைக் கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் அடியில் முட்டி, சுருள்வில் மாதிரி இரண்டு மூன்று சுற்று சுற்றியிருக்கும். அப்படியே நட்டால் சில வருடம் கழித்து ஒரு பெருங்காற்றில் சாய்ந்துவிடலாம். முழங்கால் உயரக் கன்றே போதும்.

காட்டை மீட்பதில் இன்னும் பொறுமை வேண்டும். விழுப்புரம் மாவட்டம் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் நின்று பார்த்தால், சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு புரியும். வீரை, உலக்கைப்பாலை, காசான் எல்லாம் நிதானமாக வளர்பவை. பொட்டல் வெயிலில் இளங்கன்றாகத் தனியே நிறுத்தினால் திணறும். 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் அன்று இருந்தது மழை அரித்த செம்மண் மேடு. முதலில் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். ஆஸ்திரேலிய அகேசியா ஒன்றை வளரவிட்டு, அதன் நிழலில் இந்த மண்ணின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு மரம் என்றாலே உடனே வெட்டு என்பவர்கள் இதையும் யோசிக்கலாம். சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும், சரி. பிடுங்கிப்போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் மண்ணில் கிடக்கும் அதன் விதையே அடுத்த மழைக்கு முளைத்து வரும். பிடுங்கிய குழியை மூடிய கையோடு அங்கே வேறு கன்று நட வேண்டும்.

இன்னொன்று: மரமில்லாத இடமெல்லாம் பாழ் நிலம் இல்லை. நீலகிரி, பழனி மலை உச்சிகளில் இயற்கையாகவே புல்வெளிதான். சோலைக்காடு மலை மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும். அந்தப் புல்லின் மேல் சீகை மரத்தை (வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரம்) நட்ட பழைய தவற்றை, நாட்டு மரத்தை வைத்து மறுபடி செய்ய வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் கோயில் காடோ பழைய ஏரிக்கரையோ இருந்தால் ஆனி, ஆடியில் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே நிற்கும் மரங்கள்தான் உங்கள் ஊர்ப் பட்டியல். இலுப்பை, நாவல் விதைகளை டப்பாவில் சேர்த்து வைத்தால் வீண். சதையைக் கழுவி, உடனே பையில் ஊன்றிவிட வேண்டும். வாகை, உசிலை மாதக்கணக்கில் தாங்கும். கொதித்து இறக்கிய நீரில் போட்டு, அது ஆறி ஓர் இரவு ஊறட்டும், பிறகு விதையுங்கள். கோயில் காடு என்றால் பொறுக்கும் முன் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில காடுகளில் காய்ந்த சுள்ளியைக்கூட எடுத்துவர விடமாட்டார்கள்.