புழுவுக்கு மூலிகை கொடுக்கும் முன் இமையைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திருநெல்வேலி மாவட்டத்தில் மானூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது: "டாக்டர், புழுவுக்கு நாட்டு மருந்தா ஏதாவது சொல்லுங்க." தாராளமாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஆட்டின் கீழ் இமையை இழுத்து உட்புறம் என்ன நிறம் என்று பாருங்கள், அண்ணாச்சி.

மழைக்காலத்தில் நான் மிகவும் பயப்படுவது ஹீமாங்கஸ் என்ற உருண்டைப் புழுவுக்கு. ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழுவால் நாளுக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தம் போகும். ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி. பத்து கிலோ குட்டியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே முக்கால் லிட்டருக்குள்தான். இந்தப் புழு மட்டும் இருந்தால் பெரும்பாலும் கழிச்சல் வராது, புழுக்கை கெட்டியாகவே விழும். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும்போது நிலைமை முற்றியிருக்கும்.

ரத்தம் குறையக் குறைய இமையின் உட்புறம் வெளுக்கும். அது நல்ல சிவப்பாக இருந்தால் அவசரமில்லை. வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு அன்றைக்கே மருத்துவரிடம் புழு மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். வேப்பிலை அரைத்துக் கொடுத்து ஒரு வாரம் பார்க்கலாம் என்று அதை விட்டுவைக்காதீர்கள்.

உடம்பு தேறி நிற்கும் ஆடுகளுக்கு மூலிகை கொடுக்கலாம். சீரகம், கடுகு, மிளகு, மஞ்சள், பூண்டு, வேப்பிலை, தும்பை, பாகற்காய், வாழைத்தண்டு இவற்றை அரைத்துக் கருப்பட்டி சேர்த்து உருட்டிக் கொடுக்கும் முறையை நமது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. கருவேலந்தழையில் உள்ள துவர்ப்புப் பொருளும் புழு முட்டைகளைக் குறைக்க உதவும். மேய்ச்சலோடு சேர்ந்து போவதால் எனக்குப் பிடித்த வழி அது.

ஆனால் ஆடுதீண்டாப்பாளையை அரைத்து ஊற்றாதீர்கள். அதிலுள்ள நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொட்டைப்பாக்கு நாடாப்புழுவை வெளியேற்றும் என்பது உண்மை, ஆனால் அளவு மீறினால் ஆட்டுக்கு எச்சில் ஒழுகி, நடுக்கம் கண்டு, உயிரே போகும். எருக்கம்பால் பக்கமே போக வேண்டாம்.

கடை மருந்திலும் ஒரு சிக்கல் உண்டு. அல்பெண்டசோல் வெள்ளாட்டின் உடம்பில் செம்மறியைவிட வேகமாகச் சிதைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே அளவு ஊற்றினால் வெள்ளாட்டில் புழு தப்பிப் பிழைத்து, மருந்துக்கு அடங்காமல் போகும். சினையின் தொடக்கத்தில் இந்த மருந்து கூடவே கூடாது. எடை பார்த்து, மருத்துவரைக் கேட்டு அளவு வையுங்கள். பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடுவதும் நல்லது, ஈரப்புல்லில்தான் புழுக்குஞ்சுகள் ஏறி நிற்கும்.

மூலிகையோ மாத்திரையோ, கொடுப்பதற்கு முன்பும் கொடுத்து 10 முதல் 14 நாள் கழித்தும் சாணப் பரிசோதனை செய்தால்தான் வேலை செய்ததா என்று தெரியும். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து கால்நடை மருந்தகத்திலோ கேளுங்கள். தரையில் கிடக்கும் புழுக்கை வேண்டாம். ஆசனவாயிலிருந்தே எடுத்து, ஆட்டுக்கு ஒரு கவராகக் கட்டி, வெயில் படாமல் அன்றைக்கே கொண்டுவாருங்கள்.