பள்ளித் திடலில் ஒரு கம்பு நட்டால் தீர்க்கரேகை தெரியும்

சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கைப்பேசி வரைபடத்தில் நம்ம ஊர் 101 டிகிரி கிழக்கு என்று வருகிறது. ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் கப்பலில் போனவர்கள் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

வடக்கு தெற்காக நாம் எங்கே என்று சொல்லும் அட்சரேகை சுலபம். உச்சிச் சூரியனின் உயரத்தை அளந்து, அன்றைய தேதிக்குரிய கணக்கைப் போட்டால் வந்துவிடும். கிழக்கு மேற்காகச் சொல்லும் தீர்க்கரேகைக்கு, அதாவது அந்த 101 டிகிரிக்கு, கடிகாரமும் வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது. அதாவது ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது, தீர்க்கரேகையின் பூஜ்யம் டிகிரி ஓடும் லண்டன் கிரீன்விச்சில் மணி என்ன என்று தெரிந்தால் போதும்.

சரி, சூரியன் எந்த நிமிடத்தில் உச்சிக்கு வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உச்சியை நெருங்கும்போது நிழலின் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் உச்சிக்கு முன்னும் பின்னும் அளந்து நடுவைப் பிடிக்கிறார்கள். பள்ளித் திடலில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றிக் கயிற்றால் வட்டம் போடுங்கள். காலையில் நிழல் குறுகிக்கொண்டே வந்து அதன் நுனி வட்டத்தைத் தொடும், நேரத்தைக் குறியுங்கள். மதியத்துக்கு மேல் நிழல் நீண்டு மறுபடியும் தொடும், அதையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடு நேரம்தான் உச்சி.

ஜூன் 13 அன்று 11.46க்கும் 2.46க்கும் தொட்டதாக வைத்துக்கொள்வோம். நடு நேரம் 1.16. மலேசிய நேரம் கிரீன்விச்சைவிட 8 மணி நேரம் முன்னால் போவதால் அங்கே அப்போது காலை 5.16. அங்கே நண்பகலாக இன்னும் 404 நிமிடம் இருக்கிறது. நான்கால் வகுத்தால் 101! ஒரு கம்பும் கயிறும் இவ்வளவு சொல்வது எனக்கு இன்றும் வியப்புதான். ஜூன் 13ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் சூரியன் கடிகாரத்தைவிட 16 நிமிடம் வரை முந்தும், 14 நிமிடம் வரை பிந்தும். அந்தத் தேதியை ஒட்டி வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம். மற்ற நாட்களில் அட்டவணை பார்த்துத் திருத்த வேண்டும்.

நம் உச்சி 1.16க்கு வருகிறது என்பதை, சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்ட ராகுகால அட்டவணையை இங்கே அப்படியே பார்க்கிறவர்கள் யோசிக்க வேண்டும். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். சூரியன் அப்படியேதான் இருந்தது. கடிகார முள்ளைப் பார்த்து நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவதில் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடலில் பெரிய சிக்கல், கிரீன்விச் நேரத்தைக் கெடாமல் கொண்டுபோவது. மலாக்கா நீரிணையில் கடிகாரம் 4 நொடி தவறினால் கப்பல் இருக்குமிடம் ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் தவறும். பிரிட்டன் 1714இல் இதற்கு 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. தச்சு வேலை கற்ற ஜான் ஹாரிசன் செய்த கடிகாரம், 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டு, 81 நாட்களில் சுமார் 5 நொடிதான் பின்தங்கியது. அப்படியும் அவருக்குச் சேர வேண்டிய பணத்தை வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 1773இல் நாடாளுமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கென்று சொன்ன பணத்தைச் சொன்னபடி கொடுக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் கைப்பேசியும் கடிகாரத்தைத்தான் நம்புகிறது. செயற்கைக்கோள்களின் அணுக்கடிகாரங்கள் அனுப்பும் நேரத்தை ஒப்பிட்டு இடத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும்: மூன்று இடத்துக்கு, நான்காவது கைப்பேசியின் சொந்தக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த.