ஹார்டுடிஸ்க் எரர் காட்டுதா? தயவுசெய்து ஃபார்மேட் போடாதீங்க!

இந்த வாரமும் ஒரு டிஸ்க் அப்படித்தான் பழுதுபார்க்க வந்தது. 1 டிபி. குடும்பப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், வீட்டுப் பத்திரம் எல்லாம் அதில்தான். "ஹார்டுடிஸ்க்கில் பிரச்சினை, உடனே பேக்கப் எடுங்கள்" என்று விண்டோஸ் பல நாளாகக் கத்தியிருக்கிறது. வீட்டில் அந்த எச்சரிக்கைப் பெட்டி திரையில் வரும்போதெல்லாம் மூடிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் தெரிந்த பையன் ஒருவன் வந்து ஃபார்மேட் போட்டிருக்கிறான். அதுவும் இரண்டு தடவை. அதற்கப்புறம்தான் "போட்டோ மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே" என்று இங்கே வருகிறது.

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரி, அண்ணே என்று கேட்டாலும் காக்கா என்று கேட்டாலும் சரி, கேள்வி ஒன்றுதான்: "ஃபார்மேட் போட்டா சரியாயிரும்ல?"

ஆகாது. குயிக் ஃபார்மேட் போட்டால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும் காலியாகப் புதிதாக எழுதப்படுகிறது. மீதிப் பரப்பை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கெட்டுப்போன இடம் கெட்டுப்போனபடியே கிடக்கும். குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போட்டால் அதைவிட மோசம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இன்றைய விண்டோஸ் வரை, முழு ஃபார்மேட் என்றால் அந்த டிரைவ் முழுவதும் சுழியத்தை எழுதித் துடைத்துவிடும். அப்புறம் எந்த ஊர் லேபுக்குக் கொண்டுபோய் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் பழைய படம் வராது.

பிறகு எப்படி ஃபார்மேட் போட்டதும் கொஞ்ச நாள் நன்றாக ஓடுகிறது? எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் தரவு பதியும் சின்னக் கட்டத்துக்குச் செக்டர் என்று பெயர். படிக்க முடியாத செக்டரை டிஸ்க் உடனே தள்ளிவைப்பதில்லை. "நிலுவை" என்று ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் புதிதாக ஏதாவது எழுத வரும்போதுதான் முடிவெடுக்கும். எழுதியது ஒழுங்காகப் பதிந்தால் பட்டியலிலிருந்து அடித்துவிடும். பதியவில்லையென்றால், உதிரியாக ஒதுக்கி வைத்திருக்கும் செக்டர் ஒன்றை அதற்குப் பதிலாக மாற்றிக்கொள்ளும். முழு ஃபார்மேட் முடிந்ததும் நிலுவைப் பட்டியல் காலி. எரர் பெட்டி வருவது நிற்கிறது, போட்டவருக்கும் நல்ல பெயர். ஆனால் தட்டைப் படிக்கும் ஹெட் தளர்ந்ததோ, தட்டின் பூச்சு உரிந்ததோ அப்படியே இருக்கிறது. நம்மூர்ப் பழைய கான்கிரீட் வீட்டில் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்த இடத்தில் வெள்ளையடித்துவிட்டுப் போவதும் இதுவும் ஒன்றுதான். "லோ லெவல் ஃபார்மேட் போட்டால்?" என்று விவரம் தெரிந்தவர்களும் கேட்கிறார்கள். உண்மையான லோ லெவல் ஃபார்மேட் தொழிற்சாலையோடு முடிந்துவிட்டது. அந்தப் பெயரில் இணையத்தில் கிடைப்பதெல்லாம் சுழியம் எழுதும் மென்பொருள்கள்தான். வைரஸ் மேலும் பழி போடாதீர்கள். செக்டரைப் படிக்க முடியவில்லை என்று டிஸ்க் சொல்வதற்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை.

எரர் வந்தால் முதல் வேலை காப்பி எடுப்பது. சோதனை, ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். வேறொரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஆவணங்கள் முதலில், போட்டோ அடுத்து, சினிமா கடைசியில். சினிமா போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். காப்பி மட்டும் செய்யுங்கள், கட் வேண்டாம். மொத்தமாக இழுத்துப் போடாமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். ஒரு கோப்பில் சிக்கி நின்றால் ஸ்கிப் கொடுத்து அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் நிமிடக்கணக்கில் நிற்கிறது என்றால் அதோடு நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். லினக்ஸில் ஓடும் அந்தக் கருவி, சுலபமாக வரும் பகுதியை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கலான இடத்தை ஒரு மேப் கோப்பில் குறித்துவைத்துக் கடைசியில்தான் அதோடு மல்லுக்கட்டும். பாதியில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

காப்பி எடுப்பதற்கு முன் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் கருவி அல்ல, கோப்பு அட்டவணையைச் சரிசெய்யும் கருவி. அட்டவணையில் ஒரு வரியைப் படிக்க முடியாவிட்டால் அதைப் பிழை என்று எடுத்துவிடும். உங்கள் கல்யாண ஆல்பம், பெயரில்லாத துண்டுகளாக ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடக்கும். அதிலும் கட்டளையோடு /r என்று சேர்த்து ஓட்டினால் காலி இடம் உட்பட முழுப் பரப்பையும் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே போதும். பூட் ஆகும்போது தானாகவே டிரைவைச் சோதிக்கப் போவதாகத் திரையில் வரும். சில விநாடிகளுக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் நின்றுவிடும். தட்டிவிடுங்கள்.

காப்பி கையில் வந்தாச்சா? இனி எங்கே கோளாறு என்று பார்க்கலாம். எரர் என்றாலே டிஸ்க் போச்சு என்பதும் தவறு. இந்தக் கரையோரத்தில் கணிசமானவை கேபிள், கனெக்டர், கரண்ட் விவகாரங்கள்.

விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். சோர்ஸ் என்ற பத்தியில் டிஸ்க் என்று இருப்பவற்றைப் பாருங்கள். எண் 7 என்றால் பேட் பிளாக், தட்டிலேயே கோளாறு. 52 என்றால் டிஸ்க் தானே "நான் போகப்போகிறேன்" என்று சொல்லிவிட்டது. 11, 153 வந்தாலோ, ஸ்டோரேஜ் டிரைவர் பெயரில் 129 வந்தாலோ கேபிள், போர்ட், பவர் பக்கமும் சந்தேகப்பட வேண்டும். அந்தச் செய்தியிலேயே ஹார்டுடிஸ்க்0, ஹார்டுடிஸ்க்1 என்று எண் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் அதே எண்ணில் இருப்பது எது என்று ஒத்துப் பாருங்கள். பல வீடுகளில் எரர் கொடுப்பது பின்னால் செருகி மறந்துபோன பென்டிரைவ்தான். நல்ல டிஸ்க்கைக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு.

அடுத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருள், இலவசம்தான். இதில் ஒவ்வொரு வரியின் எண்ணும் ரா வேல்யூ என்ற பத்தியில் ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடியில் வரும். 10 என்று இருந்தால் அது 16. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சருக்குள் ரா வேல்யூஸைப் பத்தின் அடிக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள். 05 என்ற வரி, உதிரிக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். சிறிய எண்ணாக இருந்து மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் சினிமா போட்டுவைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் மாற்றிவிடுங்கள். சி5 நிலுவைப் பட்டியல், சி6 திருத்த முடியாதவை. இந்த இரண்டில் எதிலாவது சுழியத்துக்கு மேல் இருந்தால் காப்பி இன்றைக்கே எடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. சீகேட் டிஸ்க்கில் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கில் எண் நிற்கும். அதைப் படம்பிடித்து அனுப்பிப் பதறுகிறார்கள். அந்த நிறுவனம் கணக்கு வைக்கும் முறையே அப்படித்தான், விட்டுவிடுங்கள்.

சி7 தனி ரகம். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் தரவு சிதைந்த கணக்கு அது. 05-உம் சி5-உம் சுழியமாக இருந்து சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். சிஸ்டத்தை ஆஃப் செய்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சமிருக்கும் கரண்ட்டை வெளியேற்றிவிட்டு, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளை மாற்றுங்கள். மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். பவரும் வேறு வயரிலிருந்து எடுங்கள். பழைய நான்கு முள் கனெக்டரிலிருந்து மாற்றித் தரும் அடாப்டர் இருந்தால் தூக்கிப் போடுங்கள். சி7 எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு 20 ஜிபி அளவுக்கு ஏதாவது காப்பி செய்யுங்கள். எண் அப்படியே நின்றால் தீர்ந்தது. அது ஒருநாளும் குறையாது. ஏறாமல் இருந்தால் போதும்.

அந்தக் கேபிள் ஏன் கெட்டது? உப்பு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். பாம்பனிலோ மண்டபத்திலோ இரவில் அந்த அளவு சாதாரணம். கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னல் வழியாக வந்து படிந்த தூள், இரவில் கனெக்டர் மேல் மெல்லிய உப்புநீராக நிற்கிறது. செம்பில் பச்சை பூக்கும், இரும்பில் துரு ஏறும். சாட்டா கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், தங்கநிறப் பட்டைகளின் விளிம்பில் பச்சையோ கறுப்போ தெரியும். 3.5 அங்குல டிஸ்க் என்றால் அடிப்பக்கத்துப் பச்சைப் போர்டையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் டி6 நட்சத்திரத் திருகுகள்தான். கழற்றிப் புரட்டினால், ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் போகும் தொடுபுள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். பேனா அழிக்கும் கரகர ரப்பர் வேண்டாம். பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. கை பழகாதவர்கள் இதில் இறங்கவும் வேண்டாம். போர்டு போய்விட்டது என்று அதே மாடலில் இன்னொன்றைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன. அதையும் பெயர்த்து மாற்ற வேண்டும்.

டிஸ்க் மூடியில் "இந்தத் துளையை மூடாதே" என்று எழுதிய சின்னத் துளை இருக்கும். ஹீலியம் அடைத்தவை தவிர மற்றவற்றுக்கு உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாக அது வேண்டும். உள்ளே ஃபில்டரும் இருக்கிறது. உப்புக்காற்று புகாமல் இருக்க அதன் மேல் டேப் ஒட்டி வருகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தப்பு.

பயன்படுத்தாமல் மூடிவைத்த சிஸ்டம்தான் இங்கே சீக்கிரம் கெடுகிறது. ஓடும் கேபினெட் உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் தங்காது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பிளாஸ்டிக் உறையால் இறுக்கிப் போர்த்தாதீர்கள், பருத்தித் துணி போதும். கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து மேசையைத் தள்ளிப் போடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் ரோஸ் நிறமானால் சூடுகாட்டி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

கரண்டும் ஒரு காரணம். இன்சுலேட்டரில் படிந்த உப்பின் மேல் லேசாகத் தூறினால் போதும், கரண்ட் போய்ப் போய் வரும். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் கோப்பும் போகும், செக்டரும் அரைகுறையாக நிற்கும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. நார்மலில் இருந்தால் மாறும் இடைவெளியில் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள், அப்போதும் நின்றால் தனி யூபிஎஸ்தான் வழி. சிஸ்டத்துக்குள் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும் சோதிக்கச் சொல்லுங்கள். சிஸ்டம் ஓடும்போது மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். மணல் தரையில் எர்த் பைப் அரித்துப் போயிருக்கும், கோடையில் ஈரமும் இருக்காது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

"டக் டக்" என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள், மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் நம்மூர்க் காற்றில் தட்டின் மேலேயே தண்ணீர் கோக்கும். தட்டாதீர்கள், திறக்காதீர்கள். கடல்நீரோ வெள்ளமோ பட்டிருந்தால் அரிசியில் புதைக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். உப்பு காய்ந்து தட்டில் ஒட்டினால் கதை முடிந்தது. ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் மூடி டேட்டா ரெக்கவரி லேபுக்கு அனுப்புங்கள்.

மாற்று டிஸ்க் வாங்கும்போது விலை குறைவு என்று சிசிடிவியில் ஓடித் தேய்ந்ததை வாங்கிவிடாதீர்கள். 09 வரியில் ஓடிய மணிக்கணக்கு இருக்கும். அதைச் சுழியமாக்கி விற்பவர்களும் இருப்பதால் கனெக்டரில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸுக்கு, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போடுவது நல்லது. ஆனால் அது சத்தம் போடாமல், முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நாளில் போய்விடவும் கூடும். அழித்ததை மீட்பதும் பெரும்பாலும் நடக்காது. எனவே பிள்ளைகளின் படங்கள் இரண்டு இடத்திலாவது இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். இதை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன்.

டிஸ்க்கைச் சரிபார்க்கக் கொண்டுவருகிறவர்கள் பைக் டேங்க் கவரில் சாவிக்கொத்தோடு போட்டு வராமல், நுரைத்தாளில் சுற்றிக் கொண்டுவாருங்கள். என்னென்ன ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். புதிய லேப்டாப் என்றால் டிஸ்க், பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டால் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். 48 இலக்க ரெக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அதை எழுதி எடுத்து வாருங்கள். கணக்கின் பாஸ்வேர்டு மகனுக்குத்தான் தெரியும், மகன் துபாயில் இருக்கிறான் என்றால், அவனுக்கு முதலில் போன் போட்டுவிட்டு வாருங்கள்.